பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் மானியம் கையில் கிடைக்குமா?

கேள்வி: பெற்றோர் சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் இருக்கிறார்கள். கல்யாணமான நாங்கள் அருகிலேயே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கினால் எவ்வளவு மானியம்? அதை வீட்டுப் புதுப்பிப்புக்குச் செலவழிக்கலாமா?

முடியாது. பணம் கைக்கு வராது, உங்கள் மசேநிதி (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்குக்குப் போய், அங்கிருந்து வீட்டு விலையில் கழியும். தளவாடம், தரை ஓடு எல்லாம் உங்கள் சொந்தக் காசுதான். மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் ரொக்கமும் அப்படியே. பலர் சறுக்குவது இங்கேதான்.

அருகாமை மானியம், பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் என்றால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெற்றோரோடு ஒரே வீட்டில் என்றால் 30,000. இதற்கு வருமான வரம்பு இல்லை. முதல்முறை வாங்குபவர்களாக இருந்து, குடும்ப மாத வருமானம் 14,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால், நாலறை வரையிலான வீட்டுக்கு இருவரும் குடிமக்களாயின் இன்னும் 80,000 வெள்ளி. ஐந்தறை என்றால் அது 50,000 ஆகிவிடும். கூடுதல் அறை ஆசையை ஒருமுறை யோசியுங்கள்!

அப்புறம், பின்னாளில் விற்கும்போது மானியத்தை வட்டியோடு உங்கள் மசேநிதிக் கணக்கிலேயே திரும்பப் போட வேண்டும். வீடு பார்க்கும் முன் வீவக தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். உங்களுக்கான தொகை அதிலேயே இருக்கும்.