பெரியம்மாவின் பீரோவில் கிடைத்த ‘ஷிப்ர்’ சென்ட்: பூசலாமா, விற்கலாமா?

கேள்வி: காரைக்காலில் இருந்த என் பெரியம்மா காலமான பிறகு அவருடைய பீரோவில் ஒரு பழைய சென்ட் பாட்டில் கிடைத்தது. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சைகோனில் இருந்தவர். லேபிளில் ‘ஷிப்ர், கோட்டி, பாரீஸ்’ என்று இருக்கிறது. கால் பாட்டில்தான் மீதி, கரும்பழுப்பு நிறம். கண்ணாடி மூடி அசையவே இல்லை. இதைப் பூசிக்கொள்ளலாமா? இதே சென்ட் இப்போது கிடைக்குமா? விற்றால் ஏதாவது தேறுமா?

பதில்: முதலில் மூடியைக் கவனியுங்கள். பிரெஞ்சு சென்ட்டில் உள்ள பிசின் பொருட்கள் காலப்போக்கில் மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இடுக்கி போட்டுத் திருகினால் கழுத்து உடைந்துவிடும். அடுப்பனலில் காட்டவே கூடாது, உள்ளே இருப்பது ஆல்கஹால். மூடி சேரும் இடத்தில் சர்ஜிகல் ஸ்பிரிட் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் வெந்நீரில் பிழிந்த துணியைக் கழுத்தில் சுற்றி, மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அசையாவிட்டால் மறுபடியும் ஸ்பிரிட் விடுங்கள். இதில் பொறுமைதான் வேலை செய்யும்.

திறந்ததும் மூக்கைப் பாட்டிலில் வைத்துவிடாதீர்கள். முதலில் எழும் வாசனை பெரும்பாலும் கெட்டிருக்கும். பெர்கமாட் போன்ற எலுமிச்சை இன எண்ணெய்கள் காற்றுபட்டு முதலில் சிதைபவை. நெயில் பாலிஷ் நெடி அடிக்கலாம். அதைக் கண்டு ‘போச்சு’ என்று கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு சொட்டைக் காகிதத் துண்டில் விட்டு அரை மணி நேரம் மறந்துவிடுங்கள். பிறகு முகர்ந்தால் அடிவாசனை தெரியும். அது பல பத்தாண்டு தாங்கும். நிறம் கறுத்தது மட்டும் கெட்டதற்கு அடையாளம் இல்லை. மல்லிகைச் சாறும் பிசினும் இருந்தால் நிறம் கூடத்தான் செய்யும்.

அந்த அடிவாசனை எப்படி இருக்கும்? செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியை வெறும் சட்டியில் வறுக்கும்போது ஈரமண்ணும் மரப்பட்டையும் கலந்தாற்போல ஒரு மணம் வருமே, அதற்கு நெருங்கிய உறவு. காரணம் இருக்கிறது. இந்தச் சென்ட்டின் உயிர் ஓக்மாஸ் என்ற பொருள். ஓக் மரங்களில் படரும் ஒரு வகை லைக்கன் அது, அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். கல்பாசியும் லைக்கன்தான். பிரான்சுவா கோட்டி 1917இல் மேலே பெர்கமாட், நடுவே ரோஜாவும் மல்லிகையும், அடியில் ஓக்மாஸும் லப்டனம் பிசினும் என்று ஒரு கட்டுமானத்தை நிறுத்தினார். ஷிப்ர் என்பது சைப்ரஸ் தீவின் பிரெஞ்சுப் பெயர். அந்தப் பெயரில் சென்ட்டுகள் அதற்கு முன்பே உண்டு. ஆனால் கோட்டியுடையது வந்த பிறகு அந்தப் பெயரே ஒரு தனி வகைக்கு ஆகிவிட்டது.

கோட்டி கோர்சிகா தீவுக்காரர், அஜாக்சியோவில் 1874இல் பிறந்தவர். தொழிலைச் சென்ட்டுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊரான கிராஸில் கற்றார். கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக்கைப் பாட்டில் செய்ய வைத்தவர் அவர்தான். சென்ட் பணக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்ததை மாற்றிச் சின்னப் பாட்டிலில் நடுத்தரக் குடும்பத்துக்கும் கொண்டுபோனார். முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போனதும் கோட்டி சென்ட்தான். உங்கள் பெரியப்பா செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். பிரெஞ்சுப் படை வியட்நாமை விட்டுக் கிளம்பியது 1956இல். பாட்டில் சைகோனில் வாங்கியதாக இருந்தால் அதற்கு முந்தையது என்று கொள்ளலாம். பார்கோடு இருக்கிறதா, லேபிளில் நியூயார்க் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்கோடு இருந்தால் அது பிற்காலத்துப் பாட்டில். நியூயார்க் என்றிருந்தால் அமெரிக்காவில் நிரப்பியது.

இப்போது கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. ‘ஐரோப்பிய விதிகள் ஓக்மாஸைத் தடுத்ததால்தான் பழைய சென்ட்டுகள் ஒழிந்தன’ என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கோட்டி 1934இல் இறந்தார். 1963இல் நிறுவனம் ஃபைசர் மருந்துக் கம்பெனி கைக்குப் போய் மலிவுவிலைச் சரக்குப் பக்கம் திரும்பியது. இந்தச் சென்ட்டைத் தேய்த்தது வியாபாரம். வேறு பலவற்றின் கதையும் இப்படித்தான். பாரீஸ் ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே 1911இல் மகள் பெயரில் தொடங்கிய ‘ரோசின்’ சென்ட் நிறுவனம் அவருடைய கடனோடு மூழ்கியது. வின்சென்ட் ருபேர் செய்த ‘இரிஸ் கிரி’ சென்ட், அதை வெளியிட்ட ஆடை வடிவமைப்பாளர் ஜாக் ஃபாத் 1954இல் இறந்ததும் சந்தையிலிருந்து போய்விட்டது. விதிகள் வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் பிறகு. ஓக்மாஸில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்குவதால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது; 2021இலிருந்து அவை கலந்த சரக்கை அங்கே விற்கவே முடியாது. ஆகவே கம்பெனிகள் கைவிட்டதை இனி யார் நினைத்தாலும் பழைய மாதிரியே திருப்பிச் செய்து விற்க முடியாது. விதிகளின் பங்கு அவ்வளவுதான்.

அந்த வகை வாசனை வேண்டுமென்றால் கெர்லான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ‘மிட்சுகோ’வை முகர்ந்து பாருங்கள். ஜாக் கெர்லான் 1919இல் கோட்டியின் கட்டுமானத்தோடு பீச் பழ வாசனையைச் சேர்த்துச் செய்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. இன்றைய பாட்டில் 1950களின் பாட்டில் ஆகாது, ஆனாலும் குலம் தெரியும். பெயரை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். 1947இன் ‘மிஸ் டியோர்’ ஓக்மாஸ் வாசனைக்காரி. இப்போது அதே பெயரில் கடையில் நிற்பது வேறொரு சென்ட். அசல் ஷிப்ரையே முகர வேண்டுமானால் பிரான்சில் வெர்சாய் நகரத்து ஆஸ்மோதெக் என்ற சென்ட் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். 1990இல் திறந்தது. பழைய சென்ட்டுகளை ஆர்கான் வாயு நிரப்பி, 12 டிகிரி குளிரில், இருட்டில் வைத்திருக்கிறார்கள். முகரலாம், விலைக்குக் கிடையாது.

பூசிக்கொள்வது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தோலில் வேண்டாம். அந்தக் காலத்து பெர்கமாட் எண்ணெயில் இருந்த பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைக் கருமையாகத் திட்டுத்திட்டாக்கும். அன்றைய பிரெஞ்சு சென்ட்டுகள் பலவற்றில் போட்ட மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரியும் வெயிலோடு சேர்ந்து ஒவ்வாமை தரும். பிறகு அதைத் தடையே செய்துவிட்டார்கள். காரைக்கால் வெயிலில் இந்த விளையாட்டு எதற்கு? பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பீரோவில் வையுங்கள். பட்டுப்புடவையில் நேராகப் படக் கூடாது, கறை போகாது.

நீங்களே வைத்துக்கொள்வதானால் மீதியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் காற்றுதான் கெடுக்கிறது. குப்பி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், நிமிர்ந்தபடி, காகிதம் சுற்றி இருக்கட்டும்.

விற்பதானால் குப்பிக்கு மாற்றாமல் அப்படியே விடுங்கள். சேகரிப்பாளர்கள் பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி, எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெட்டி இல்லாத கால் பாட்டிலுக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். லேபிளை ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். சென்ட் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டால் விலை பேசும் முன்பே தபால் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.