எட்டு மணிக்கே கண்ணைக் கசக்குகிறானே!

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். இரவு 11:30 ஆனாலும் தூங்குவதில்லை. தோளில் போட்டு ஆட்டி, பாட்டுப் பாடி, செல்போனில் வீடியோ காட்டி ஒரு மணி நேரம் போராடினால்தான் கண் மூடுகிறான். அப்புறமும் மூன்று நான்கு முறை எழுந்து அழுகிறான். எட்டு மணிக்கே கண்ணைக் கசக்குவான், ஆனால் கணவர் வேலை முடிந்து வர 9:30 ஆகும் என்பதால் விளையாட்டுக் காட்டி விழிக்க வைத்திருப்பேன். அவனைச் சீக்கிரம் தூங்க வைக்க என்ன வழி?

பதில்: மற்றதையெல்லாம் விடுங்கள். எட்டு மணிக்குக் கண்ணைக் கசக்குகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. பேச்சு வராத பிள்ளை ‘அம்மா, தூக்கம் வருது’ என்பதை வேறு எப்படிச் சொல்வான்? அதைப் பார்த்த பிறகும் பொம்மையை ஆட்டி ஒன்றரை மணி நேரம் இழுத்துப் பிடித்துவிட்டு, பதினொன்றரைக்கும் தூங்கவில்லை என்று புகார் சொல்கிறீர்கள். ஏம்மா, இது நியாயமா?

தூக்கம் வந்த நேரம் தாண்டிவிட்டால் உடம்பு விழித்திருப்பதற்கான ஹார்மோன்களைச் சுரக்க ஆரம்பித்துவிடும். அப்போது பிள்ளை துள்ளுவான், கெக்கலிப்பான், வீடெல்லாம் ஓடுவான். தூக்கமே வரவில்லை போல என்று நாம் நினைப்போம். உண்மையில் அவன் களைத்துப்போய்த்தான் அப்படி ஆடுகிறான். அந்த நேரத்தில் செல்போன் வெளிச்சத்தை வேறு கண்ணுக்கு நேரே பிடிக்கிறீர்கள், வருகிற தூக்கத்தையும் அது விரட்டிவிடும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று இன்றைக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி ஏழரைக்கே விளக்கைக் குறையுங்கள். உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, தினமும் அதே பாட்டைப் பாடுங்கள், வரிசை மாறவே கூடாது. கண் சொருகும்போது, முழுசாகத் தூங்கும் முன்பே படுக்கையில் விடுங்கள். ராத்திரியில் லேசாக விழிப்பு வருவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. தோளில் தூங்கியவன் படுக்கையில் விழித்தால் தோளைத் தேடி அழத்தான் செய்வான். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுங்கள், தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். தூக்கத்தில் தினமும் குறட்டை விட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, உங்கள் கணவர். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவர் பிள்ளை முகத்தைப் பார்க்க ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அது பெரியவர்களாகத்தான் இருக்க வேண்டும், 14 மாதக் குழந்தை அல்ல. எட்டு மணிக்குத் தூங்குகிறவன் விடியும்போது விழித்துவிடுவான். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அப்பாவுடையது. முகம் கழுவுவதிலிருந்து விளையாட்டு வரை எல்லாம் அவரே பார்க்கட்டும், நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம். தூங்கப்போகிற பிள்ளையைப் பத்து நிமிடம் குதிக்க வைப்பதோடு அப்பாவின் கடமை முடிந்துவிடாது.

இன்றைக்கு அவர் சாப்பிட உட்காரும்போது இதைப் படித்துக் காட்டுங்கள். மெதுவாகப் படியுங்கள், பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருப்பான்.