தந்தை பெயரில் பட்டா: உதவித்தொகை யாருக்கு?

கேள்வி: பண்ருட்டி அருகே இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருந்த என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அவருக்கு வந்த, விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகையை நானும் தம்பியும் பெற முடியுமா?
- வாசகர், பண்ருட்டி

பதில்: முடியும், ஆனால் பட்டா தந்தை பெயரிலேயே இருக்கும்வரை முடியாது. 1.2.2019-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு இத்திட்டம் பொருந்தாது என்றாலும், உரிமையாளர் இறந்து வாரிசுகளுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மூலப் பத்திரம் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். கணவன், மனைவி, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள் சேர்ந்ததே ஒரு குடும்பம் என்பதால், பாகம் பிரிந்து இருவர் பெயரிலும் பட்டா ஏறிவிட்டால், வருமான வரி செலுத்துவோர் போன்ற விலக்குப் பட்டியலில் வராத நிலையில், இருவருமே தலா ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகப் பெறலாம். ஆதார் இணைந்த வங்கிக் கணக்கும், இ-கே.ஒய்.சி. (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) பதிவும் கட்டாயம்.

தந்தை மறைந்த பின்னும் அவர் கணக்கில் தவணை ஏறியிருந்தால் அதை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். இத்திட்டத்தில் தகுதியற்றோர் சேர்க்கப்பட்ட 2020-ஆம் ஆண்டு முறைகேட்டில் கடலூர் மாவட்டமும் அடிபட்டது. பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இறப்பைத் தெரிவித்துவிடுங்கள்.