பதில்: மூன்று கிட்டாரில் காட்பாடி அறைக்கு எது?

வணக்கம் நண்பரே. குடியாத்தம் வீட்டில் யமஹா எஃப்310, எஃப்ஜி800, நைலான் கம்பி சி40 மூன்றும் இருக்கின்றன, காட்பாடி வாடகை அறைக்கு ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும், எஃப்ஜி800-இன் ஒலி பிடித்தாலும் விரல் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் ஓட்டு எஃப்ஜி800-க்குத்தான்.

அதன் மேற்பலகை அடுக்குகளாக ஒட்டாத முழு ஸ்ப்ரூஸ் மரம். எஃப்310-இல் ஒட்டுப்பலகை. மெதுவாக மீட்டும்போதுகூட ஒலி விரிவது அதனால்தான். விரல் வலி சரிசெய்யக்கூடியது. 12-ஆம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருந்து ஆறாம் கம்பி, அதாவது தடித்த கம்பி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 2.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் சேடிலின் (மேற்பலகைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) அடிப்பக்கத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள், கிட்டார் சரிசெய்பவரிடம். 12-ஆம் பிரெட்டில் உயரம் அரை மி.மீ. குறைய, சேடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். கழுத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது முக்கியம். அப்புறம் 12 கேஜுக்குப் (கம்பியின் தடிமன் அளவு) பதில் மெல்லிய 11 கேஜ் கம்பி மாட்டினால் இன்னும் இளகும்.

ஒரே பயம் நம்ம வேலூர் வெயில். அக்னி நட்சத்திரக் காலத்தில் மாடி அறை காய்ந்து கிடக்கும். மரம் ஈரம் இழந்தால் மேற்பலகை உள்வாங்கும், பிரெட் முனைகள் கையில் உறுத்தும், வெடிப்புகூட விழலாம். அதனால் சுவரில் மாட்டாமல் உறைப்பெட்டியில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும். துளையிட்ட சோப்புப் பெட்டியில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்ச் போதும்.

சி40 வீட்டிலேயே இருக்கட்டும். எஃப்310-ஐ விற்காதீர்கள், கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகளுக்கு அதைவிடத் தோதானது கிடைக்காது.