ஊமைக் கிதார்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் இசைக்குழுவில் ஆறு ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன். சிறுவயதிலிருந்து முறையாகப் பியானோ கற்றவன். குழுவில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் ஊழியமாகவே செய்கிறோம். ஆனால் ஒத்திகைக்கு நேரத்துக்கு வருபவன் நான் ஒருவன்தான். டிரம்ஸ் வாசிப்பவர் உற்சாகம் ஏற ஏற வேகத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறார். பாடல் நடத்துபவர் ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கேலை மாற்றுகிறார், அதுவும் எப்போதும் கீழே இறக்கி. பேஸ் கிதார் இருப்பதே தெரிவதில்லை. அக்கூஸ்டிக் கிதார் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவருடைய கிதார் ஒருநாளும் சுருதியில் நின்றதில்லை. சொன்னால் மனம் புண்படும் என்பதால், ஒலிக்கட்டுப்பாட்டு மிக்ஸரைப் பார்க்கும் தம்பியிடம் சொல்லி, அவருடைய ஒலி மட்டும் கூடத்துக்குப் போகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறோம். அதனால் ஓரளவு சமாளிக்க முடிகிறது. வாத்தியங்களை நேர்த்தியாய் வாசிக்க வேண்டும் என்று 33ஆம் சங்கீதம் சொல்கிறது. நேர்த்தியைப் பற்றிக் கவலையே இல்லாத குழுவில் நான் தொடர்வதா, விலகிவிடுவதா? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள ஒரே ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அது எந்த வாக்கியம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்காது என்று அஞ்சுகிறேன், ஏனென்றால் மற்றவற்றையெல்லாம் குறைகளாக எழுதிய நீங்கள் அதை மட்டும் ஒரு நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள்.

மற்றவற்றை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன். நேரத்துக்கு வராதவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. டிரம்ஸ் வாசிப்பவரின் காதில், சீரான வேகத்தில் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் ஒலியைக் கொடுத்துப் பாருங்கள். அவர் அதை மறுத்தால் அவரோடு சேர்ந்து ஓடுங்கள். ஆளுக்கொரு சரியான வேகத்தில் வாசிக்கும் குழுவைவிட, எல்லோரும் சேர்ந்து ஒரே தவறான வேகத்தில் வாசிக்கும் குழு எவ்வளவோ மேல். ஸ்கேலைக் கீழே இறக்கும் பாடல் நடத்துபவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். பயிற்சியில்லாத பொதுமக்கள் கூட்டமாகப் பாடும்போது ஒரு குறுகிய ஸ்வர எல்லைக்குள்தான் சிரமமின்றி நிற்பார்கள். பதிவில் கேட்ட உச்சக் குரலின் ஸ்கேலை அப்படியே வைத்துக்கொண்டால் இரண்டாம் சரணத்தில் சபை வாயை மூடிக்கொண்டு உங்களை வேடிக்கை பார்க்கத் தொடங்கும். உங்கள் கீபோர்டில் ஸ்கேலை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் அதற்கு மிக அதிகம்.

பேஸ் கிதார் கேட்காமல் போவதற்கு உங்கள் இடது கை காரணமாக இருக்கலாம். பியானோவைத் தனியாக வாசித்துப் பழகியவர்கள் குழுவுக்கு வந்தபின்னும் தனியாகவே வாசிக்கிறார்கள்; கீழ்ஸ்தாயியை இடது கையின் அழுத்தமான ஸ்வரங்களால் நிரப்பிவிட்டு, பேஸ் எங்கே என்று தேடுகிறார்கள். அடுத்த ஒத்திகையில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாடலை வாசித்துப் பாருங்கள். அந்தப் பையன் ஆறு ஆண்டுகளாக அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறான் என்பது தெரியவரலாம்.

சங்கீதத்தைக் காட்டி எழுதியிருக்கிறீர்கள். அதே வேதத்தில் 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். தாவீது ஏற்படுத்திய இசைக்குழுவில் தேர்ச்சி பெற்றவர்கள் 288 பேர். பன்னிரண்டு பேராக 24 பிரிவுகள். ஒன்பதாம் அதிகாரத்திலோ, ஆலயப் பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் வேலையிலேயே இருந்ததால் மற்ற வேலைகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அதாவது அது அவர்களுடைய முழுநேரத் தொழில். ஆறு நாள் வேறு வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு முதியவரை அந்தக் கோலால் அளப்பது நியாயமாகாது. இருநூற்று எண்பத்தெட்டுப் பேரை எண்ணிச் சொன்ன மறுவசனமே, சிறியவனும் பெரியவனும், ஆசானும் மாணாக்கனும் ஒரேபோலச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொண்டார்கள் என்கிறது. அங்கே கற்றுக்கொண்டிருப்பவனுக்கும் ஓர் இடம் இருந்தது. அவன் கற்றுக்கொண்டிருப்பவன் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "அவருடைய ஒலி மட்டும் கூடத்துக்குப் போகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறோம்." எவ்வளவு இலகுவாக எழுதிவிட்டீர்கள்! இசைக்குழுவைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். மேடையில் வாசிக்கும் ஒவ்வொருவரின் ஒலியும் மிக்ஸரில் தனித்தனிச் சேனலாக வந்து சேர்கிறது. அங்கிருந்து அது இரண்டு வழிகளில் பிரிகிறது: ஒன்று கூடத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு, மற்றொன்று வாசிப்பவரின் காலடியில் இருக்கும் மானிட்டர் என்னும் சிறிய ஸ்பீக்கருக்கு. மானிட்டருக்கான ஒலியைப் பெரும்பாலும் ஃபேடருக்கு, அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்திக்கு, முன்பே எடுத்துவிடுவார்கள். ஆகவே ஃபேடரை அடிவரை இறக்கிவிட்டாலும் அந்த மனிதருக்குத் தன் வாத்தியம் கணீரென்று கேட்டுக்கொண்டே இருக்கும். கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் ஊமை. அவருக்கு மட்டும் அது தெரியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே இதைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மணிக்கட்டு வலியால் கீபோர்டு வாசிக்க முடியாமல் போன ஓராண்டில், என்னை மிக்ஸருக்கு முன் உட்காரவைத்தார்கள். எங்கள் குழுவிலும் சுருதி நிற்காத கிதார் ஒன்று இருந்தது. வாசித்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். கேபிள்களைச் சுருக்கு விழாமல் சுற்றி வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் வாரம் பாடல் குழுத் தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், நான் ஃபேடரை இறக்கினேன். அன்று முதல் பாடல்கள் துலக்கமாகக் கேட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது நேர்மையான பதிலாக இருக்காது.

ஒவ்வொரு வாரமும் ஆராதனை முடிந்தபின் அவர் மிக்ஸருக்கு அருகில் வந்து, "தம்பி, இன்றைக்குச் சத்தம் சரியாக இருந்ததா?" என்று கேட்பார். "நன்றாக இருந்தது அண்ணன்" என்பேன். எட்டு மாதங்கள் அப்படிச் சொன்னேன். பிறகு வெளியூரில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் விடுமுறைக்கு வந்தாள். ஆராதனை முடிந்து தந்தையோடு என்னிடம் வந்தவள், எந்தக் கபடமும் இல்லாமல், "அப்பா வாசித்தது எங்களுக்குக் கேட்கவே இல்லையே, அங்கிள்" என்றாள். அவருக்கு மிக்ஸரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் கீழே வெள்ளை டேப்பில் ஆட்களின் பெயரை என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அவர் குனிந்து தம் பெயரைத் தேடிப் படித்தார். அதற்கு மேலே இருந்த ஃபேடர் அடியில் கிடந்தது. மற்ற எல்லாம் மேலே நின்றன.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேடைக்குத் திரும்பிப்போய், தம்முடைய கேபிளை வழக்கம்போல ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் ஒருநாளும் வாசிக்கவில்லை. சபைக்குத் தவறாமல் வந்தார். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். சத்தம் சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு அந்தக் கிதாரை வாலிபர்களுக்கென்று கொடுத்துவிட்டார். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தந்திகள் பல ஆண்டுகள் பழையவை, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் படும் இடங்களில் தேய்ந்துபோனவை. ஸ்கேலை உயர்த்துவதற்காகக் கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்தி மாட்டும் கவ்வியான கேப்போவோ இரும்புப் பிடியாக இறுக்குவது. அதை மாட்டியதும் தந்திகள் இழுபட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருதி ஏறியது. அவர் எப்போதும் முதலில் சுருதி சேர்த்துவிட்டுப் பிறகு கேப்போவை மாட்டுவார், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கேப்போவை மாட்டியபின் ஒருமுறை சரிபார்த்திருந்தால் போதும். அவருடைய காதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவருடைய கிதார் சுருதி தவறியிருப்பதைக் கூடத்தின் மறுகோடியிலிருந்து கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையான காது எனக்கு இருந்தது. மேடை ஏறி அருகில் போய் ஏன் என்று பார்க்கும் அளவுக்குக் கால்கள் இல்லை.

"சொன்னால் மனம் புண்படும்" என்று எழுதுகிறீர்கள். சொல்லும் விதத்தால் புண்படத்தான் செய்யும். ஜெர்மானிய இசை மேதை யோகான் செபஸ்தியான் பாக், 1705இல் ஆர்ன்ஸ்டாட் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது, மாணவர் குழுவில் பஸ்ஸூன் என்னும் குழல் வாத்தியம் ஊதிய ஒருவனை அவமதிப்பாகத் திட்டினார். அவன் ஒருநாள் இரவில் தெருவில் கம்போடு வழிமறித்தான். இவர் வாளை உருவினார். பாக்குக்கு அப்போது வயது இருபது. விசாரித்த திருச்சபை அதிகாரிகள், குறையுள்ள மனிதரோடுதான் வாழ்ந்தாக வேண்டும், மாணவர்களோடு ஒத்துப்போகப் பாரும் என்று அவருக்கே புத்தி சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1730இல், லைப்சிக் நகர மன்றத்துக்கு அதே மனிதர் ஓர் அறிக்கை எழுதினார். தம்மிடம் உள்ள மாணவர்களில் 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் தகுதியற்றவர்கள் என்று பெயர்களோடு வகைபிரித்தார். இரண்டையும் நான் மெச்சவில்லை. ஆனால் இரண்டிலும் பொய் இல்லை. அந்த நடுவகையைப் பாருங்கள்: இன்னும் தேறாதவர்கள். நம்முடைய குழுக்களில் அந்த வகையே கிடையாது. ஒருவர் ஊழியம் செய்கிறார், அல்லது சத்தமில்லாமல் நிறுத்தி வைக்கப்படுகிறார். "கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம், பிறகு ஃபேடரை இறக்குகிறோம்.

நீங்கள் அந்தப் பெரியவரின் மனத்தைக் காப்பாற்றவில்லை. அவர் எதிரில் நின்று சங்கடமான மூன்று வாக்கியங்களைப் பேச வேண்டிய நிலையிலிருந்து உங்களைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். அதற்கு ஒரு தம்பியையும் உடந்தையாக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வாரமும் அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன்தான், நீங்கள் அல்ல. கடுமையாக எழுதுகிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள், இதில் பாதி எனக்கே எழுதிக்கொண்டது.

விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பிறகு பார்க்கலாம். இந்த வாரம் ஒத்திகைக்கு அரைமணி முன்னதாக அந்தப் பெரியவரை மட்டும் வரச் சொல்லுங்கள். புதிய தந்திகள் ஒரு செட்டும், கிதாரின் தலையில் மாட்டும், சுருதியைக் காட்டும் சிறிய ட்யூனர் ஒன்றும் வாங்கிக்கொண்டு போங்கள். கேப்போவை மாட்டியபின் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் சுருதி நிற்கவில்லை என்றால், அன்றைக்கே, அவர் முகத்தைப் பார்த்து, எந்தப் பாடல்களில் வாசிக்கலாம், எவற்றில் வேண்டாம் என்று பேசுங்கள். எட்டு மாதமாகவோ எவ்வளவு காலமாகவோ அவருடைய ஒலி வெளியே போகவில்லை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அந்தத் தம்பியைச் சொல்லவிடாதீர்கள். டேப்பில் எழுதிய பெயரை அவர் தாமாகப் படிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்.