மூளைக்குப் போகும் நீலக் கோடு

அண்ணாச்சிக்கு,

போன வாரம் மார்த்தாண்டத்தில் என் அறைக்கு வந்தபோது, ரப்பர் பால் கறை ஏறிய விரலால் மகளின் நீட் மதிப்பெண் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள். பாப்பா அதைக் கவனிக்கவே இல்லை. என் டைரியின் பின்பக்கத்தில், தொடையில் தொடங்கி நெஞ்சைத் தாண்டி மூளைக்குப் போகும் ஒரு நீலக் கோட்டை வரைந்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த பெரியப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு மூளையிலிருந்த ரத்தக்கட்டியை எடுத்த வழியாம். "நானும் இதைச் செய்யணும்" என்றாள். எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்கள் கேட்டீர்கள்.

எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம். அதன்பின் எம்எஸ் அல்லது எம்டி என்ற மேற்படிப்பு மூன்று. அதற்கும் மேல் மூளை போன்ற ஒரே உறுப்பில் தேர்ச்சி பெற எம்சிஎச் அல்லது டிஎம் இன்னொரு மூன்று. எந்தத் தேர்விலும் சறுக்காமல் போனாலே வயது முப்பதைத் தொட்டுவிடும்; மதினியிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் எம்பிபிஎஸ் கிடையாது. களியக்காவிளைப் பக்கத்துப் பெற்றோர் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அங்கே எம்சிஎச், டிஎம் படிக்க அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் என்ற சலுகையெல்லாம் இல்லை.

சரி, டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சா? இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

பெரியப்பாவுக்குச் செய்த அந்தச் சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை என்று 2013-ல் ஒரே சமயத்தில் மூன்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. 2015-ல் நெதர்லாந்திலிருந்து 500 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர்கள், கட்டியை எடுத்தவர்களில் நூற்றுக்கு 33 பேர். எடுக்காதவர்களில் 19 பேர். இரண்டே வருஷத்தில் டாக்டர்களின் கை தேறிவிட்டதா என்ன? அடைப்பு பெரிய குழாயில்தான் என்று ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே ஆளைச் சேர்த்தார்கள். கட்டியை வலைபோலக் கவ்வி இழுக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாயும் வந்திருந்தது. 2018-ல் வந்த 'டான்' ஆய்வில், மூளையில் எவ்வளவு செத்துவிட்டது என்பதை மென்பொருள் வைத்து அளந்து, ஆறு மணி நேரம் தாண்டி 24 மணி நேரம் வரையிலும் தகுந்தவர்களுக்குக் கட்டியை எடுத்தார்கள். தேறியவர்கள் நூற்றுக்கு 49. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13.

அந்த ஸ்கேனை எடுப்பவர் டாக்டர் இல்லை, இமேஜிங் டெக்னாலஜிஸ்ட். ஸ்டென்டைச் செய்பவர் பொறியாளர். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு வைக்கும் ஒருவகை ஸ்டென்டை, பெங்களூரில் விமான ஆராய்ச்சி செய்யும் தேசிய ஆய்வகத்தோடு சேர்ந்து நிட்டினால் உலோகத்தில் உருவாக்கியது இதே ஸ்ரீ சித்திரைதான். ஆய்வு நடக்கும் இடத்தில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பார்; பிஎஸ்சி நர்சிங், பி.பார்ம் முடித்தவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். சம்மதப் படிவத்தை நோயாளியின் மொழியில் விளக்குவது, மூன்று மாதம் கழித்து "தானாகக் குளிக்கிறாரா, கடைக்குப் போய் வருகிறாரா" என்று விசாரித்துப் பதிவது எல்லாம் இவர்கள் கையில். குமரியிலிருந்து திருவனந்தபுரம் போகும் தமிழ் நோயாளிகளை யோசித்துப் பாருங்கள். தமிழும் மலையாளமும் தண்ணீர்பட்ட பாடாக வரும் பிள்ளைக்கு அங்கே மதிப்பு இருக்கும்.

என் யோசனை: நீட் இன்னும் ஒரு தடவை எழுதட்டும். மூன்றாவது தடவை வேண்டாம். தோட்டத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்கும் பேச்சும் வேண்டாம். எம்பிபிஎஸ் முடித்து எம்எஸ்/எம்டிக்கும், பிறகு எம்சிஎச்/டிஎம்முக்கும் அவள் எழுத வேண்டிய இரண்டு பெரிய தேர்வுகளுக்கு அந்தப் பணம் உதவாது. இந்த வருஷமே நர்சிங்குக்கும் இமேஜிங்குக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

சனிக்கிழமை அவளையும் கூட்டி வாருங்கள். பிளஸ் டூ இயற்பியல் மதிப்பெண்ணும் வேண்டும். அவள் வரைந்த கோட்டில் இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளையும் இடம் விட்டுப்போயிருக்கிறது. டைரியை எடுத்து வைத்திருக்கிறேன், வந்து திருத்தச் சொல்லுங்கள்.