பழைய மாஸி: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய டிராக்டர் ஒன்றைச் சீர்செய்ததைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். என் அப்பாவின் மாஸி ஃபெர்குசன் 1035 பதினோரு ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் நிற்கிறது. அவர் இறந்த பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. சாய்ப்பின் ஓடு உடைந்து, சைலன்சர் குழாய் வழியாக மழைநீர் இறங்கியிருக்கிறது. இன்ஜின் ஜாம். மெக்கானிக் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “காயலான் கடையில் போட்டுவிடுங்கள், எடைக்காவது காசு வரும்” என்றார். எனக்கு மனம் வரவில்லை.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்குப் போகிறேன். இங்கிலாந்துக்காரர்கள் பழைய டிராக்டர்களை அக்கக்காகக் கழற்றிப் புதிதாக்கும் வீடியோக்களை இரவெல்லாம் பார்க்கிறேன். அதேபோல முழுவதும் கழற்றி, மணலடித்து, பெயின்ட் பூசி, ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல ஆக்க வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது? இது வெறும் உணர்ச்சிவசப்படுதலா? என் மனைவி அப்படித்தான் சொல்கிறார்.

அன்புடன்,
செ.
உடுமலைப்பேட்டை அருகில்

*

அன்புள்ள செ.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஆமாம், உணர்ச்சிவசப்படுதல்தான். கணக்குப் பார்க்கிற யாரும் இதில் இறங்க மாட்டார்கள். என் வண்டிக்கு ஆன செலவை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். ஏழாவது மாதம், பின் டயர் இரண்டும் வாங்கிய அன்று, அதை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். இன்றுவரை எடுக்கவில்லை. உங்கள் மனைவி சொல்வது சரியென்று முதல் நாளே ஒப்புக்கொண்டுவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது “ஷோரூமிலிருந்து வந்ததுபோல” என்ற சொல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இன்ஜின்.

ஜாம் ஆன இன்ஜின் என்றால் செத்த இன்ஜின் என்று பொருளில்லை. உங்கள் வண்டியில் மூன்று சிலிண்டர். நிறுத்திய நேரத்தில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள்தான் மழைநீர் போயிருக்கும். மற்றவை பெரும்பாலும் தப்பித்திருக்கும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக டீசலையும் பவர் ஸ்டீயரிங் ஆயிலையும் சமபங்கு கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் சும்மா விடுங்கள். ஞாயிறுக்கு ஞாயிறு போகிறவருக்கு இதைவிடத் தோதான வைத்தியம் கிடையாது. அடுத்த வாரம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லையென்றால் மறுபடியும் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். என் வண்டி ஐந்தாவது வாரத்தில்தான் விரற்கடை அளவு நகர்ந்தது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தால் ஒரு நொடியில் விட்டுவிடும் என்று ஊரில் கட்டாயம் ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். துருப்பிடித்து ஒட்டிய பிஸ்டனை அப்படி இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். ஊற்றியதெல்லாம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில், இறங்கியிருக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று. முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது கையில் ஒரு பலகைத் துண்டு இருக்கட்டும். நெடுநாள் கிடந்த டீசல் பம்பில் உள்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தால், இன்ஜின் நம் சொல் கேட்காமல் வேகமெடுக்கும், ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காது. அப்போது காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். உள்ளங்கையால் அடைக்கப் போகக் கூடாது. பீய்ச்சும் நாசிலுக்கு முன்னால் விரலை நீட்டவும் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அடுத்து, பின்பக்கம். இந்த வகை வண்டியில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். கியர் லீவரின் ரப்பர் உறை வெடித்திருந்தால் மழைநீர் நேரே உள்ளே போகும். நான் அடிப்பிளக்கைத் திறந்தபோது முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது, அரை வாளிக்கு. பிறகு நீர்மோர் நிறத்தில் ஒன்று. அதற்கும் பிறகுதான், மனமில்லாமல் வருவதுபோல, கறுப்பாக ஆயில். ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. ஆகவே பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் தூக்கவில்லை என்று பம்பைக் கழற்றுவதற்கு முன், இரண்டு முறை டீசல் ஊற்றிக் கழுவிப் புது ஆயில் விட்டுப் பாருங்கள்.

லிஃப்ட் என்று சொன்னதும் கொஞ்சம் நின்று பேச ஆசை வருகிறது. உங்கள் சீட்டுக்கு வலப்பக்கம் இரண்டு லீவர்கள் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலோர் ஒன்றைத்தான் தொடுவார்கள், தூக்கவும் இறக்கவும். மற்றது டிராஃப்ட் கன்ட்ரோல். உங்கள் வண்டியின் பெயரில் இருக்கும் பொறியாளர் ஹாரி ஃபெர்குசனின் மூளை முழுவதும் அதில்தான் இருக்கிறது. கொழு இறுகிய மண்ணில் முட்டினால் கலப்பை அதன் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் என்ற தண்டை முன்னோக்கித் தள்ளும், அது ஒரு கெட்டியான ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்பிரிங் வால்வை அசைக்கும், கலப்பை தானாகச் சற்று மேலே ஏறும். மண் இளகியதும் பழைய ஆழத்துக்கு இறங்கிவிடும். இறுகிய மண்ணின் இழுவையே பின் சக்கரத்துக்குப் பாரமாக மாறுவதால், எடை குறைந்த வண்டியே கனமான வேலையைச் செய்தது. இந்த ஏற்பாட்டுக்காக ஃபெர்குசன் 1938இல் ஹென்றி ஃபோர்டோடு எழுத்தில்லாமல் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் செய்தார். பிறகு அது கோர்ட்டுக்குப் போய், 1952இல் 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. வாய்ப்பேச்சில் நிலம் குத்தகைக்கு விட்டவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு, அவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

நீங்கள் வீடியோவில் பார்க்கும் சாம்பல் நிற வண்டிகள் பெரும்பாலும் ஃபெர்குசன் டி.இ.20 ஆக இருக்கும். 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தைத் தொட்டது அந்த வகை டிராக்டரில்தான். அதற்குப் பின் வந்தது ஃபெர்குசன் 35 என்ற வண்டி. அந்த வழியில் 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டிதான் உங்கள் 1035. ஆக, நீங்கள் வேற்று மனிதர்களைப் பார்த்து ஆசைப்படவில்லை. அவர்கள் துடைத்துக்கொண்டிருப்பது உங்கள் வண்டியின் தாத்தாவை.

ஆனால் அவர்களில் பலர் வாங்கிய வண்டியைப் புதுப்பிக்கிறார்கள். உங்களுடையது அப்பா ஓட்டிய வண்டி.

என்னுடையது மாமாவின் வண்டி. அவர் கூலிக்கு உழுதவர், தாளில் கணக்கு வைக்கிற பழக்கம் இல்லை. இடது மட்கார்டின் உட்பக்கம், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில், ஸ்குரூ டிரைவர் முனையால் கீறி வைப்பார். ஒருவர் பெயருக்கு ஓரெழுத்து, அதற்கு நேரே கோடுகள். ஒரு கோடு ஒரு மணி நேரம், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பணம் வந்ததும் மொத்தத்தின் மேல் ஓர் அடி. எனக்கு இது தெரியாது. துரு என்று நினைத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். மணலடித்து, பிரைமர் பூசி, கண்ணாடி மாதிரி சிவப்பாகத் திரும்பி வந்தது. அத்தை பார்க்க வந்தார். முன்பக்கம் மினுங்கிய சிவப்பை அவர் பார்க்கவே இல்லை. நேரே போய் இடது மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினார். “வழுவழுன்னு இருக்கே” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஆயில் படுகிற, சுழல்கிற, உராய்கிற பாகம் எதுவானாலும் தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்குத் திரும்பட்டும். பேரிங், சீல், கிளட்ச் பிளேட், பிரேக் எதிலும் பழம்பெருமை வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற தகரமும் பெடலும் அவற்றை ஓட்டியவர் கடைசியாக இறங்கிய நாளிலேயே நிற்கட்டும். தேய்ந்து ஒரு பக்கம் சரிந்த கிளட்ச் பெடல் உங்கள் அப்பாவின் இடதுகால். அதைச் சமப்படுத்திப் புது ரப்பர் ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பானெட் கொக்கியில் ஊர் கொல்லர் வைத்த கோணல் வெல்டிங் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். துரு பரவாமல் இருக்கத் துடைத்து மெல்லிய ஆயில் பூசினால் போதும். பெயின்ட் பூசாமல் தூக்கம் வராது என்றால், பேட்டரித் தட்டுக்கு அடியில் வெயில் படாத சிவப்பு எஞ்சியிருக்கும். அதைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லுங்கள். கடையில் ‘மாஸி சிவப்பு’ என்று கொடுப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்து மாற்ற வேண்டும், இத்தனை நாள் தாமதத்துக்கு அபராதமும் இருக்கும். பதிவும் காலாவதி ஆகியிருந்தால் புதுப்பித்த பிறகே ரோட்டில் ஏற்றுங்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டின் மேல் மட்டும் யாரும் பெயின்ட் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெக்கானிக் மேல் கோபப்பட வேண்டாம். அவருக்கு வாரத்தில் முப்பது வண்டி. உங்களுக்கு ஒன்றுதான், அதிலும் ஞாயிறு மட்டும்.

நாசிலைக் கழற்றுவதெல்லாம் அடுத்த வாரம் ஆகட்டும். இந்த ஞாயிறு ஒரு டார்ச்சும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு போங்கள். டார்ச் மட்கார்டுக்குள் பார்க்க. டப்பாவை சைலன்சர் குழாய் மேல் கவிழ்த்து, காற்றில் பறக்காமல் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். ஐப்பசி வருகிறது.